சிரிப்பு வந்துகொண்டிருக்கிறது

மாடுகளுக்கு மதிப்பெண் போட்ட வட்டக் கொட்டகைதான்
எங்கள் கல்லூரியின் நாடக அரங்கம்.
பனி உருகும் நாட்களில்
மரப்பலகைகள் பழைய காளைகளை நினைத்துக்கொள்ளும்.
வாசனையைச் சொல்கிறேன்.

அயோவா. பிப்ரவரி.
அறுத்த சோளத் தட்டைகள் பனிக்கு மேல்
சவரம் செய்யாத மோவாய்போல் நீட்டிக்கொண்டிருக்க
நாங்கள் உள்ளே
நூறு வருடத்துக்கு முந்தைய வரவேற்பறை ஒன்றைக்
கட்டிக்கொண்டிருந்தோம்.
சோபா துணைமுதல்வர் வீட்டினுடையது.
தேநீர், தண்ணீர் கலந்த கோலா.

நாடகத்தில் யாரும் சாவதில்லை, யாரும் ஓடிப்போவதில்லை.
மூன்று அங்கமும் பேச்சு.
கையுறை ஆலை முதலாளி ஒருவர்,
அவர் மகளைக் கட்டிக்கொள்ளப்போகும் புரட்சிக்காரன்,
இருவருக்கும் நடுவே ஒரு தட்டு பிஸ்கட்.
மண்ணியல் படிக்கும் வெண்டெல்தான் முதலாளி.
அவனுடைய ஒட்டுமீசை
மூன்றாம் அங்கத்தில் தானாகவே ஓய்வுபெறும்.

“தர்மம் செய்கிறவன் ஏழையின் கோபத்தைத் திருடுகிறான்.
நான் நேரத்தை மட்டும்தான் எடுக்கிறேன்.
அதற்கும் ரசீது தருகிறேன்.”

ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை.
வெண்டெல் அடுத்த வரிக்குத் தாவினான்.
ஹாவர்காம்ப் அம்மையார் கையைத் தூக்கினார்:
“நில். சிரிப்பு வந்துகொண்டிருக்கிறது.
இந்த மாதிரி நாடகத்தில் யோசனைதான் முதலில் வந்து சேரும்,
சிரிப்பு பின்னால் நடந்து வரும்.
அதன் காலை மிதிக்காதே.”
மூன்று வரை எண்ணச் சொன்னார்.
விளக்குப் பலகையில் உட்கார்ந்து நானும் எண்ணினேன்.
நின்றுபோன தடத்தில்
பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலிருந்தது.

யெசீனியா வேலைக்காரி.
அவளுக்கு ஏழு வரி.
ஆறு, “சரிங்க ஐயா.”
ஏழாவது, “மழை வரும்போலிருக்கிறது, ஐயா.”
மற்ற நேரமெல்லாம் தட்டோடு நிற்பாள்.
என் ஒளித்திட்டத்தில் அவளுக்கென்று எதுவும் இல்லை;
அடுத்தவர் வெளிச்சத்தில் மிஞ்சியது மேலே விழும்.

இரண்டாம் இரவு பனிப்புயல்.
நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர்.
அதில் ஒருவர் யெசீனியாவின் அம்மா,
பன்றி இறைச்சி ஆலையில் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்.
பூட்ஸில் ஐஸ், மடியில் ஹெல்மெட்.

வெண்டெல் எழுந்தான். சுருட்டை நீட்டினான்.
“தர்மம் செய்கிறவன்...”

அவ்வளவுதான்.
முகத்தில் மண்ணியல்கூட இல்லை.
புரட்சிக்காரன் பிஸ்கட்டைக் கடித்தான்;
எதிராளியின் வரியை யார் படிக்கிறார்கள்?
மூன்று. நான்கு. ஐந்து.
வெந்நீர்க் குழாய் ஒருமுறை இருமியது.

அப்போது தட்டு நகர்ந்தது.
யெசீனியா கோப்பையில் ஊற்றிக்கொண்டே,
கண்ணைத் தூக்காமல்,
ஐயாவுக்கு மாத்திரை வேளையை நினைவூட்டும் பணிவோடு:
“ஏழையின் கோபத்தைத் திருடுகிறான், ஐயா.
நீங்கள் நேரத்தை மட்டும்தான் எடுக்கிறீர்கள்.
ரசீது தருகிறீர்கள்.”

எண்ண நேரமில்லை.
மூன்றாம் வரிசையில் ஹெல்மெட் உருண்டு விழுந்தது,
அதன் பின்னால் அம்மாவின் சிரிப்பு,
அதன் பின்னால் மற்றப் பத்துப் பேரும்.
வெண்டெல், நல்ல பையன், அடங்கும்வரை காத்திருந்து
“சரிங்க” என்றான்.
பிரதியில் இல்லாதது.

திரை விழுந்ததும் அம்மையார் ஒப்பனை அறைக்கு வந்தார்.
“அற்புதம். நாளைக்கு வேண்டாம்.
எழுதியவர் செத்துப்போய்விட்டார்,
அனுமதி கேட்க முடியாது.”
யெசீனியா முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
பதில் சொல்லவில்லை.
ஆறு முறை சொல்லி முடித்திருந்தாள், அன்றைக்கு.

மூன்றாம் இரவு சாலை திறந்தது, அரங்கம் நிறைந்தது.
வெண்டெல் ஒரு சொல்லும் தவறவில்லை.
ஆனால் ‘ரசீது’க்குச் சற்று முன்னால்
அவன் தலை தானாகத் திரும்பி
தட்டோடு நிற்கிறவளைப் பார்த்தது,
கணக்கு சரியா என்று கேட்பதுபோல.
அவள் தலையசைக்கவில்லை.
கோப்பையின் விளிம்பைத் துடைத்தாள்.

நான் ஆறாம் எண் விளக்கை
ஒரு நகக்கண் அளவு ஏற்றினேன்.
திட்டத்தில் இல்லை. யாரும் கேட்கவுமில்லை.

மழை வரும்போலிருக்கிறது, ஐயா, என்றாள்,
கூரைமேல் பனி
பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருக்கும்போது.